இரட்டைக் குழந்தையா? ஸ்கேன் ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டிய அந்த ஒரு வரி

"ரெட்டைக் குழந்தைங்க!" என்று ஸ்கேன் அறையில் சொன்னதும் குடும்பம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ரெண்டும் நல்லா இருக்கா? ஒரே மாதிரி இருக்குமா? நார்மலா, சிசேரியனா? சிலர் கேட்கக் கூடாத கேள்வியையும் கேட்பார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்பதால் அதற்குப் பதில் வராது. ஆனால், கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியைப் பலர் கேட்பதில்லை.

"நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா டாக்டர்?"

அடுத்த ஆறு மாதங்களில் எத்தனை ஸ்கேன் எடுக்க வேண்டும், எந்த மருத்துவமனையில் பார்க்க வேண்டும், எந்த வாரத்தில் பிரசவம், எந்த அறிகுறிக்கு நடு ராத்திரியிலும் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்தது. இரட்டைக் கர்ப்பம் எல்லாமே 'ஹை ரிஸ்க்' பட்டியலில்தான் வரும். ஆனால், எல்லா இரட்டையும் ஒரே அளவு ஆபத்து அல்ல. வித்தியாசம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது.

புதுச்சேரிக்கு இதில் என்ன தனிக் கணக்கு?

பரப்பளவில் புதுச்சேரி சின்ன ஊர். பிரசவம் என்று வந்தால் பெரிய ஊர். 1823-ல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழிவந்ததுதான் இன்று கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். 2008-ல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, இவை போகத் தனியார் மருத்துவக் கல்லூரிகள். உள்ளூர்க்காரர்கள் மட்டுமல்ல, விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கமிருந்தும் சிக்கலான பிரசவங்கள் இங்கேதான் வருகின்றன.

இன்னொரு கூட்டமும் வருகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி. வேலை பார்க்கும் பெண்கள். அங்கே ஐந்தாறு மாதம் செக்கப் பார்த்துவிட்டு, வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு, அதாவது முதலியார்பேட்டைக்கோ லாஸ்பேட்டைக்கோ வந்து சேர்கிறவர்கள். ஒற்றைக் கர்ப்பத்தில் இது பெரிய சிக்கல் இல்லை. இரட்டைக் கர்ப்பத்தில், மிகவும் கவனிக்க வேண்டிய நேரத்தில் டாக்டரும் மருத்துவமனையும் மாறுகிறார்கள். பழைய ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி பற்றிய அந்த வரி இல்லையென்றால், புதிய டாக்டர் அதை மீண்டும் கண்டுபிடிப்பது கடினம். ஏன் என்று கீழே பார்க்கலாம்.

இரட்டைப் பிறப்பு முன்பைவிட அதிகமாகியிருப்பதும் உண்மை. 2021-ல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் இரட்டை ஜோடிகள் பிறக்கின்றன. பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒன்று. 1980-களுடன் ஒப்பிட்டால் இரட்டைப் பிறப்பு விகிதம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. இரட்டை வாழைப்பழம் சாப்பிட்டதெல்லாம் காரணம் இல்லை. தாய்மை அடையும் வயது தள்ளிப்போவதும், ஐ.வி.எஃப். போன்ற சிகிச்சைகளும்தான் முக்கியக் காரணங்கள். முப்பதுகளின் பின்பாதியில் ஒரே மாதத்தில் இரண்டு கருமுட்டைகள் வெளிவரும் வாய்ப்பு கூடுகிறது. ஐ.வி.எஃப்.பில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவை வைத்தால் இரட்டை வாய்ப்பும் கூடுகிறது.

ஒன்றா, இரண்டா: எப்படித் தெரியும்?

இரண்டு முட்டைகள், இரண்டு கருக்கள் என்றால் கணக்கு எளிது. இரண்டு நஞ்சுக்கொடி, இரண்டு பனிக்குடம். ஒரே வயிற்றில் இரண்டு தனி வீடு மாதிரி.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால் கதை வேறு. எந்த நாளில் பிரிந்தது என்பதுதான் கேள்வி. கருவுற்ற முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் இவர்களுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடிதான். நான்கிலிருந்து எட்டாம் நாளுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிறகு என்றால் நஞ்சுக்கொடியும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று. இன்னும் தாமதமானால் ஒட்டிப் பிறக்கும் குழந்தைகள். ஒரே கருவிலிருந்து வரும் இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஜோடிகளுக்கு நஞ்சுக்கொடி பொதுவாக அமைகிறது.

ரிப்போர்ட்டில் இது சுருக்கெழுத்தில் இருக்கும். 'டிசிடிஏ' என்றால் இரண்டு நஞ்சுக்கொடி, இரண்டு பனிக்குடம். 'எம்சிடிஏ' என்றால் ஒரு நஞ்சுக்கொடி, இரண்டு பனிக்குடம். 'எம்சிஎம்ஏ' என்றால் இரண்டுமே ஒன்று.

இதைப் பார்க்கச் சரியான நேரம் 11 முதல் 14 வாரம் வரை. குழந்தைகளுக்கு நடுவே உள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில், ஆப்பு வைத்தது போல் தடித்துத் தெரிந்தால் அது 'லாம்டா அடையாளம்', நஞ்சுக்கொடி இரண்டு. மெல்லிய கோடாக நேராக வந்து முட்டினால் 'டி அடையாளம்', நஞ்சுக்கொடி ஒன்று. வாரங்கள் போகப் போக இந்த அடையாளம் மங்கிவிடும். ஐந்தாம், ஆறாம் மாதத்தில் முதல் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால், ஒரே நஞ்சுக்கொடி என்று எடுத்துக்கொண்டு கவனிப்பதுதான் பாதுகாப்பான வழி.

ஆகவே மூன்றாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் படத்தையும் ரிப்போர்ட்டையும் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரே நஞ்சுக்கொடி என்றால் ஏன் பதற்றம்?

நஞ்சுக்கொடி பொதுவாக இருந்தால், அதற்குள் இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். பெரும்பாலும் போவதும் வருவதும் சமமாக இருக்கும், பிரச்சினை இல்லை. 10 முதல் 15 சதவீத ஜோடிகளில் இந்தச் சமநிலை தவறுகிறது. ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். கொடுக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து, அதன் பனிக்குட நீர் வற்றிவிடும். வாங்கும் குழந்தைக்கு நீர் பெருகி, இதயம் திணறும். கொடுப்பதும் ஆபத்து, வாங்குவதும் ஆபத்து. டாக்டர்கள் இதை 'டிடிடிஎஸ்' என்பார்கள். முற்றிய நிலையில் அப்படியே விட்டால் பெரும்பாலும் இரண்டு குழந்தைகளையும் இழக்க நேரிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், தாய்க்கு ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஒரே நஞ்சுக்கொடி இரட்டையருக்கு 16-ம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம் என்கிறார்கள். தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் நான்கு வாரத்துக்கு ஒன்று பொதுவாகப் போதும். "எதுக்கு இத்தனை ஸ்கேன், காசு புடுங்கத்தானே" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். இங்கே இரண்டு வாரம் என்பது சடங்குக்கான இடைவெளி அல்ல. நோய் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக அந்த இடைவெளியே போதும்.

சிகிச்சை இருக்கிறது. தாயின் வயிற்றில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாய் வழியாக உள்ளே பார்த்து, இணைந்த ரத்தக் குழாய்களை லேசரால் அடைப்பது. இந்தச் சிகிச்சைக்கு ஆதாரத்தைத் தந்த முக்கியமான ஆய்வு, புதுச்சேரிக்குப் பழக்கமான பிரான்ஸில் இருந்து வந்தது. 2004-ல் மரி-விக்டுவார் செனா, ஈவ் வில் உள்ளிட்டோர் வெளியிட்ட அந்த ஆய்வில், அதிகப்படியான நீரை மட்டும் எடுத்துவிடும் பழைய முறையில் குறைந்தது ஒரு குழந்தையாவது பிழைத்தது 56 சதவீதக் கர்ப்பங்களில். லேசரில் அது 76 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

ஆனால், இந்த லேசர் எல்லா ஊரிலும் கிடைக்காது. அதற்கென்று பயிற்சி பெற்ற கருவியல் நிபுணர்கள் வேண்டும். பொதுவாக 16 முதல் 26 வாரத்துக்குள் செய்கிற சிகிச்சை இது. எனவே, ஒரே நஞ்சுக்கொடி என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: "லேசர் தேவைப்பட்டா எங்க அனுப்புவீங்க?" பிரச்சினை வந்தபிறகு தேடினால், அலைவதிலேயே நாட்கள் போய்விடும்.

இன்னொரு சிக்கல், ஒரு குழந்தை மட்டும் வளராமல் பின்தங்குவது. நஞ்சுக்கொடியைச் சரிபாதியாகப் பங்குபோடாததால் வருவது. இதையும் ஸ்கேன்தான் காட்டும். இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் வயிறு திடீரென்று பெருத்து இறுகினால், மூச்சு வாங்கினால், குழந்தைகளின் அசைவு குறைந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

அம்மாவுக்கு என்ன ஆபத்து?

இரட்டை என்றதும் எல்லாக் கண்ணும் குழந்தைகள் மேலேயே இருக்கும். அம்மாவின் உடம்பு ஒரே நேரத்தில் இரட்டைச் சுமை தூக்குகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது ரத்தசோகை. தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019–21) கணக்குப்படி, நாட்டில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரட்டைக் கர்ப்பத்தில் இரும்புச்சத்துத் தேவை இன்னும் கூடுதல். இரும்புச்சத்து மாத்திரை வாந்தி வருகிறது என்று நிறுத்திவிடாமல், மாற்று மாத்திரையோ ஊசியோ கேளுங்கள். டீ, காபியுடன் மாத்திரை போட்டால் சத்து உடம்பில் சேராது.

இரண்டாவது ரத்த அழுத்தம். ஒற்றைக் கர்ப்பத்தைவிட இரட்டையில் இது அடிக்கடி வருகிறது. தீராத தலைவலி, கண் மங்குதல், நெஞ்சுக்குக் கீழே வலப்பக்கம் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது ஆகியவற்றை "கர்ப்பம்னா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு, 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது ரத்த அழுத்தச் சிக்கலைக் குறைக்கிறது. உங்களுக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது, பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கு. அதிகமாக விரிந்த கர்ப்பப்பை சுருங்க நேரம் எடுக்கும். அதனால்தான் இரட்டைப் பிரசவத்தை ரத்த வங்கி வசதி உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு மூன்று நண்பர்களின் நம்பரை முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது.

"படுத்தே இருக்கணும்" என்ற அறிவுரை? இரட்டைக் கர்ப்பம் என்பதாலேயே வாரக்கணக்கில் படுக்கையில் கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. அதேபோல, எல்லா இரட்டைக் கர்ப்பத்துக்கும் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவதும் வழக்கமான சிகிச்சை அல்ல. ஓய்வும் தையலும் சிலருக்குத் தேவைப்படலாம். ஏன் தேவை என்று உங்கள் டாக்டர் உங்கள் ரிப்போர்ட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

'எட்டாம் மாசம் ஆகாது' என்ற பழைய கணக்கு

ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்று இன்றும் பல வீடுகளில் சொல்கிறார்கள். இது தப்பு. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு நாளும் குழந்தைக்கு லாபம். இந்த நம்பிக்கையால் நேரம் பார்த்துச் சிசேரியனை முன்னே தள்ளுவது, குழந்தையின் நுரையீரலோடு விளையாடுவது.

இரட்டைக் கர்ப்பங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் முடிகின்றன. அதாவது, சீக்கிரம் பிறப்பது இங்கே விதிவிலக்கு அல்ல. அதற்குத் தயாராக இருப்பதுதான் புத்திசாலித்தனம். சிக்கல் எதுவும் இல்லாவிட்டாலும்கூட, தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் 37-ம் வாரத்தையொட்டி, ஒரே நஞ்சுக்கொடி என்றால் 36-ம் வாரத்தையொட்டி, பனிக்குடமும் ஒன்று என்றால் 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன் எனப் பொதுவாகத் திட்டமிடுகிறார்கள்.

34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிவிடும் போலத் தெரிந்தால், தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தைகளின் நுரையீரலை முதிர வைக்கிறது. டெக்சாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. விலை மலிவான மருந்துதான். இந்தியாவும் பங்கேற்ற, 2020-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, இந்த ஊசி பச்சிளம் குழந்தைகளின் மரணத்தைக் குறைக்கிறது என்று உறுதிப்படுத்தியது. ஆனால், முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும். வலி முற்றியபிறகு மருத்துவமனைக்கு ஓடினால் அந்த நேரம் கிடைக்காது.

வளைகாப்பு தேதியும் பிரசவ மருத்துவமனையும்

இங்கேதான் நம் வழக்கமும் மருத்துவக் கணக்கும் மோதுகின்றன. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு, பிறகு தாய் வீடு என்பது நம் வழக்கம். இரட்டையருக்கு ஒன்பதாம் மாதம் என்ற ஒன்று வராமலேகூடப் போகலாம். ஏழாம் மாதமோ, அழுத்தம், சர்க்கரை, குறைப்பிரசவம் எல்லாம் தலைகாட்டும் காலம்.

வளைகாப்பை விட வேண்டாம். ஆசையாக வளையல் போட்டுக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால், எந்த ஊரில் பிரசவம் என்பதை 20-ம் வாரத்துக்குள் முடிவு செய்துவிட வேண்டும். புதுச்சேரிதான் என்றால், இங்குள்ள டாக்டரை அதற்குள் ஒரு முறையாவது நேரில் பார்த்து, பதிவு செய்து, பழைய ரிப்போர்ட்டை எல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும். பெங்களூரில் ஒரு ஸ்கேன், இங்கே ஒரு ஸ்கேன் என்று பிரிந்தால், இரண்டு வார இடைவெளி எளிதாக ஐந்து வாரமாகிவிடும்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது ஏ.சி. அறையைவிட முக்கியமான கேள்விகள் இவை:

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளுக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டால் சமாளிக்க முடியுமா? 24 மணி நேரமும் மயக்க மருந்து நிபுணர் இருக்கிறாரா? ரத்தம் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும்? 32 வாரத்துக்கு முன் வலி வந்தால் இங்கேயே பார்ப்பார்களா, அனுப்பிவிடுவார்களா?

கடைசிக் கேள்விக்கு "அனுப்பிவிடுவோம்" என்பது பதில் என்றால், பிறப்பதற்கு முன்பே அங்கே போய்விடுவது நல்லது. பிறந்த 1,200 கிராம் குழந்தைகள் இரண்டை ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட, தாயின் வயிற்றுக்குள் வைத்தே கொண்டுபோவது எவ்வளவோ பாதுகாப்பு. சனி, ஞாயிறு மாலையில் சுற்றுலாக் கூட்டத்தில் ராஜீவ் காந்தி சதுக்கத்தைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

செலவு பற்றிப் பயப்படுபவர்களுக்கு: 2011 முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வாகனம் இலவசம். நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கும் இலவச சிகிச்சை உண்டு. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. தனியாரில் பார்ப்பவர்கள், ஆபீஸ் இன்ஷூரன்ஸில் குழந்தைகளுக்குப் பிறந்த முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டா, இரண்டு குழந்தைக்கும் சேர்த்து வரம்பு எவ்வளவு என்று ஹெச்.ஆரிடம் இப்போதே கேளுங்கள்.

சரி, நார்மலா சிசேரியனா? முதல் குழந்தை தலை கீழே இருந்து, வேறு சிக்கல் இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். 25 நாடுகளில் சுமார் 2,800 பெண்களிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், 32 வாரம் தாண்டிய இத்தகைய இரட்டையரில், திட்டமிட்ட சிசேரியனால் குழந்தைகளுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. ஆனால், இரண்டாவது குழந்தையை எடுப்பதில் அனுபவம் உள்ள டாக்டர் அருகில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பிறந்த பிறகு

சீக்கிரம் பிறந்த இரட்டையருக்கு இன்குபேட்டர் மட்டும் போதாது. அம்மாவின் அல்லது அப்பாவின் நெஞ்சோடு தோல்மேல் தோலாக வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு பெரிய மருந்து. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தொடங்கியது அது. 2021-ல் வெளியான, இந்தியாவும் இடம்பெற்ற ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது எடை குறைந்த குழந்தைகளின் மரணம் 25 சதவீதம் குறைந்தது. இரட்டையருக்கு இரண்டு மடி வேண்டும். அப்பாக்களுக்கு இதைவிட நேரடியான வேலை கிடையாது.

தாய்ப்பால் சுரக்கத் தாமதமானால் பயப்பட வேண்டாம். ஜிப்மரில் 2016 முதல் 'அமுதம்' தாய்ப்பால் மையம் இருக்கிறது. பால் அதிகம் சுரக்கும் தாய்மார்கள் கொடுப்பதைப் பதப்படுத்தி, தேவைப்படும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தருகிற ஏற்பாடு அது. "ரெண்டுக்கும் பால் பத்தாது" என்று முதல் நாளே பவுடர் பால் டப்பாவோடு வரும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம்.

அம்மாவின் மனதையும் பாருங்கள். ஒரு குழந்தை வார்டில், ஒரு குழந்தை வீட்டில் என்று பிரிந்திருக்கும் தாய்மார்கள் உண்டு. ஒன்றை இழந்து ஒன்றை ஏந்தி வருபவர்களும் உண்டு. "ஒண்ணாவது இருக்கே, சந்தோஷப்படு" என்று அவரிடம் சொல்லாதீர்கள். இருக்கும் குழந்தைக்கான மகிழ்ச்சி, போன குழந்தைக்கான துக்கத்தை ரத்து செய்யாது. தூக்கமின்மை, விடாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் உதவி தேவை. டெலி மானஸ் எண் 14416; கட்டணம் இல்லை.

சட்டத்தின் கண்ணில் இரட்டை என்பது ஒன்றா, இரண்டா?

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இங்கே ஒரு விநோதம் காத்திருக்கிறது. மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. ஒரு குழந்தைக்கும் 26 வாரம்தான், இரட்டைக்கும் 26 வாரம்தான். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு 12 வாரம். முதல் பிரசவத்திலேயே இரட்டை பெற்றவர், ஒரே முறை விடுப்பு எடுத்திருந்தாலும், அடுத்த முறை 12 வார வரிசைக்குப் போய்விடுகிறார்.

மத்திய அரசுப் பணி விதியிலும் இதே கணக்குதான். புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றமான சென்னை உயர் நீதிமன்றத்தில் 2020-ல் இப்படியொரு வழக்கு வந்தது. முதல் பிரசவத்தில் இரட்டை. இரண்டாம் பிரசவத்துக்கு மகப்பேறு சலுகை கேட்டார் அந்தப் பெண். விதிப்படி அது மூன்றாவது குழந்தை என்பதால் சலுகை இல்லை என்றது அமர்வு. ஆக, விடுப்பு கொடுக்கும்போது இரட்டை ஒரு பிரசவம். விடுப்பை வெட்டும்போது இரண்டு குழந்தை.

பிரான்ஸில் முதல் குழந்தைக்கு 16 வாரம் விடுப்பு. இரட்டை என்றால் 34 வாரம், அதில் 12 வாரம் பிரசவத்துக்கு முன்பே. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் வாழும் ஊர் புதுச்சேரி. ஒரே தெருவில் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். இரட்டைக் கர்ப்பம் தனி வகை என்பதை அங்கே சட்டமே ஏற்றுக்கொள்கிறது. இங்கே, குழந்தைகள் நாலு வாரம் தீவிர சிகிச்சையில் கிடந்தால் அந்த நாலு வாரமும் அம்மாவின் 26-லிருந்தே கழிகிறது.

இப்போதைக்குக் கையில் இருப்பது ஒன்றுதான். அதே சட்டத்தின் 10-வது பிரிவு, கர்ப்பத்தாலோ குறைப்பிரசவத்தாலோ உடல்நலக் குறைவு ஏற்பட்டால், சான்று காட்டிக் கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. பல அலுவலகங்களில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். தனியார் துறையில் அப்பாவுக்கு விடுப்பு தரச் சட்டமே இல்லை என்பதால், அவர் தன் விடுப்பைச் சேர்த்து வைக்க வேண்டியதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

மூன்று விஷயங்கள் போதும். எதற்கும் புதுக் கட்டடம் தேவையில்லை.

ஒன்று, அரசு, தனியார் எதுவானாலும், இரட்டைக் கர்ப்பிணியின் அட்டையின் முதல் பக்கத்தில் நஞ்சுக்கொடி எத்தனை என்று எழுதியிருக்க வேண்டும். ரத்த வகை எழுதுகிறோமே, அதுபோல. அது இல்லாத ஸ்கேன் ரிப்போர்ட்டை முழுமையானதாக ஏற்கக் கூடாது.

இரண்டு, இந்த ஊரில் எல்லைக் கோடு ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவே ஓடுகிறது. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவான கர்ப்பிணி இந்தப் பக்கம் பிரசவத்துக்கு வரும்போது, அவரது விவரம் அவருக்கு முன்பே வந்து சேர வேண்டும். அனுப்பும் மருத்துவமனை, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டு அனுப்புவது வழக்கமாக வேண்டும்.

மூன்று, மகப்பேறு விடுப்பில் பிரசவத்தை எண்ணுவதா, குழந்தையை எண்ணுவதா என்பதில் அரசு ஒரு முடிவுக்கு வர வேண்டும். எதை எண்ணினாலும் சரி, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எண்ண வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை உங்கள் கையில் இருப்பது அந்தக் கேள்வி. உங்களுக்கோ, தோழிக்கோ, ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கோ 'ட்வின்ஸ்' என்று தெரிந்தால், வாழ்த்துச் சொல்லுங்கள். கையோடு, நஞ்சுக்கொடி எத்தனை என்று பார்க்கச் சொல்லுங்கள்.